சென்னை மாடிக்கு எது ஏற்றது: விக்கிங் தொட்டியா, சொட்டு நீரா, பையா?

சென்னையில் மாடித் தோட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் மே மாதத்தை நினைத்துக்கொண்டே முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலையும் மாலையும் நீர் ஊற்றியும் கத்தரிச் செடி நண்பகலில் துவண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு அது இயல்புதான். ஆனால், இந்நகரத்தின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால், ஐப்பசி அடைமழையை அந்த முறை எப்படித் தாங்குகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கையால் நீர் ஊற்றும் பைகள், டைமர் பொருத்திய சொட்டு நீர், அடியில் சேமித்த நீரைத் திரிபோல் மண் வழியே மேலே ஏற்றும் விக்கிங் தொட்டி ஆகிய மூன்றையும் என் மாடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, எடை குறைவு, இடம் மாற்றுவது எளிது. மழைநீர் அடித்துளை வழியே ஓடிவிடும். ஆனால் இரண்டு நாள் வெளியூர் சென்றால் கோடையில் செடி மிஞ்சாது. சொட்டு நீர் இந்தக் குறையைத் தீர்க்கிறது. முப்பது, நாற்பது பைகள் உள்ள பெரிய மாடிக்கு அதுவே பொருத்தம். ஆனால் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் சொட்டுவான்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். எது அடைத்தது என்பதைச் செடி வாடிய பிறகுதான் அறிகிறோம்.

விக்கிங் தொட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒன்று போதும். அதைக் குறுக்கே பாதியாக அறுத்தால், ஏறத்தாழ 45 செ.மீ. உயரத்தில் இரண்டு தொட்டிகள் கிடைக்கும். அடியில் 15 செ.மீ. நீருக்கு, அதற்கு மேல் மண்ணுக்கு. மண்ணின் நுண்ணிய இடுக்குகள் வழியே நீர் 30 செ.மீ. அளவுக்கே நன்றாக ஏறும் என்பதால், மண்ணை அதற்கு மேல் உயர்த்துவதில் பயனில்லை. பலரும் அடியில் ஜல்லியை நிரப்புகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜல்லி அடைத்துக்கொண்டது போக, 40 லிட்டர் இடத்தில் 16 லிட்டர் நீர்தான் நிற்கும். அதன் பெரிய இடைவெளிகளில் நீர் மேலேறுவதும் இல்லை. துளையிட்ட பழைய பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் இடையே தென்னை நார்க்கழிவு கலந்த மண்ணைத் தொட்டியின் அடிவரை இறக்கினால், அந்த மண்ணே திரியாகி நீரை மேலே இழுக்கும். ஓரத்தில் ஒரு பி.வி.சி. குழாயை நிறுத்தினால் அதன் வழியே நீர் நிரப்பலாம்; உள்ளே ஒரு குச்சியை விட்டு, நனைந்த அளவைப் பார்த்து இருப்பையும் அறியலாம்.

இதில் உயிர்நிலை, நீர்மட்டத்தின் உச்சியில் இடும் வடிதுளை. உபரி நீரை வெளியேற்றும் கலங்கல் ஏரிக்கு எப்படியோ, தொட்டிக்கு இத்துளை அப்படி. முதல் ஆண்டு நவம்பரில் வேர்கள் அதை அடைத்து நீர் தேங்கிவிட, காய் பிடித்திருந்த நான்கு தக்காளிச் செடிகளும் மூன்றே நாளில் மஞ்சளாகிச் சரிந்தன. அந்த இழப்பு இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

உப்பு இதைவிட மெதுவாக வரும் ஆபத்து. பையில் மேலிருந்து ஊற்றும் நீர் உப்பைக் கீழே கழுவிச் செல்கிறது. விக்கிங் தொட்டியிலோ நீர் கீழிருந்து மேலே ஏறி ஆவியாகிவிட, உப்பு மட்டும் மண்ணின் மேற்பரப்பில் வெண்மையாகப் பூக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. இந்தத் தொட்டிக்கு அதை ஊற்றவே கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இராது என்பதால் அதைச் சேகரித்து ஊற்றலாம். கோடையில் மாதம் ஒருமுறை, வடிதுளை வழியே நன்றாக வழியும்வரை மேலிருந்து நல்ல நீரை ஊற்ற வேண்டும். கலங்கல் திறந்திருந்தால், நாம் அஞ்சும் வடகிழக்குப் பருவமழையே ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பைக் கழுவித் தந்துவிடும்.

எடையிலும் கவனம் தேவை. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 கணக்கில் கொள்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நிரம்பிய அரை டிரம் கால் சதுர மீட்டரிலேயே நூறு கிலோவைத் தாண்டுகிறது. எனவே தொட்டிகளை நெருக்கி வைக்காமல், சுவரோ உத்தரமோ தாங்கும் கோட்டின் மேல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். அங்கே பைகளே போதும்.

தக்காளி, கத்தரி, புதினா, தண்டுக்கீரை ஆகியவற்றுக்கு என் தேர்வு விக்கிங் தொட்டிதான். ஈரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதால், தக்காளியின் நுனி கறுத்து அழுகுவது என் தொட்டிகளில் வெகுவாகக் குறைந்தது. கீரை விதைத்தால் முளைத்து வேர் இறங்கும்வரை, இரண்டு வாரமாவது மேலே நீர் தெளிக்க வேண்டும். வேரில் ஈரம் தேங்குவதைத் தாங்காத மிளகாயையும் கற்பூரவல்லியையும் இன்றும் பையில்தான் வளர்க்கிறேன்.

புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு தொட்டியின் கலங்கலிலும் ஈர்க்குச்சியை விட்டு வேரையும் மண்ணையும் நீக்கிவிடுங்கள். நீர்க்குழாயின் வாயில் கட்டிய கொசுவலை கிழிந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு ஒரு சாண் நீர்கூடத் தேவையில்லை.