பஸ்காவுக்கு எந்தக் கதைப் புத்தகம்? கெண்டை மீனா, சிவப்புக் கோழியா, வாசலில் வந்த விருந்தாளியா?

பஸ்கா எனும் யூதப் பண்டிகையைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அந்தப் பண்டிகையே குழந்தைகளை நடுவில் உட்காரவைத்துக் கட்டப்பட்டது. எகிப்திலிருந்து வெளியேறிய கதையை 'அந்நாளில் உன் பிள்ளைக்குச் சொல்' என்று பைபிளின் யாத்திராகமம் 13ஆம் அதிகாரம் கட்டளையே போடுகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் இன்னும் ஒருபடி மேலே போய், இரண்டாவது கிண்ணம் திராட்சரசம் ஊற்றியதும் பிள்ளை அப்பாவைக் கேள்வி கேட்க வேண்டும், கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அப்பாவே கேள்வியைச் சொல்லித்தர வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் செடர் எனும் அந்த இரவு விருந்தில் 'மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது' என்று பாட்டாகக் கேட்பது வழக்கமாக அங்கே இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான். மாட்ஸா எனும் புளிக்காத தட்டை ரொட்டியில் ஒரு துண்டை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவதும், கண்டுபிடித்தால் பரிசு கொடுப்பதும்கூட, அவர்கள் நடுவில் தூங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இவ்வளவு வசதி இருந்தும் பாதிக்கு மேற்பட்ட பஸ்கா புத்தகங்கள் போரடிக்கின்றன என்பது என் அபிப்பிராயம். தட்டில் இருக்கிற கசப்புக் கீரை இதைக் குறிக்கும், உப்புத் தண்ணீர் கண்ணீரைக் குறிக்கும், ஆப்பிளும் கொட்டைகளும் அரைத்த கலவை அடிமைகள் பிசைந்த சாந்தைக் குறிக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு அருஞ்சொற்பொருள் பட்டியல். கேள்வி கேட்கச் சொல்லித்தரும் பண்டிகைக்கு விடைகளை மட்டும் அச்சடித்தால் எப்படி? அதனால் இங்கே நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: புத்தகத்தை மூடியதும் பிள்ளை ஏதாவது கேட்கிறதா?

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குப் பஸ்கா என்றால் பைபிள் வழியாகத் தெரியும்: மோசே, பார்வோன், செங்கடல். யூத வீடுகளில் அந்த இரவு வாசிக்கும் ஹகாடாவில் மோசேயின் பெயர் ஏறக்குறைய வருவதே இல்லை, வழக்கமான பிரதிகளில் ஒரு மேற்கோளுக்குள் போகிறபோக்கில் ஒரு தடவை தலைகாட்டும், அவ்வளவுதான். ஆகவே செங்கடல் பிளக்கும் படப்புத்தகங்களை நான் ஒதுக்கிவிட்டேன், அவை எங்கும் கிடைக்கும். வீட்டுக்குள் பண்டிகை எப்படி நடக்கிறது என்று காட்டுகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு புத்தகங்கள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று சில்வியா ரவுஸ் எழுதிய 'சாமி ஸ்பைடர்ஸ் ஃபர்ஸ்ட் பாஸோவர்', 1995. ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டு உத்தரத்தில் வலை பின்னிக்கொண்டு கீழே நடப்பதைப் பார்க்கும் சிலந்திக் குட்டி, தானும் கொண்டாட வேண்டும் என்று அடம்பிடிக்கும், அம்மாச் சிலந்தி 'சிலந்திகள் பஸ்கா கொண்டாடாது, வலைதான் பின்னும்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லும். பிள்ளைகளுக்கு அந்தத் திரும்பத் திரும்ப வரும் வரி ரொம்பப் பிடிக்கும், கூடவே சொல்வார்கள். ஆனால் வட்டம், முக்கோணம் என்று வடிவங்களையும் சேர்த்துக் கற்பிக்கிறேன் பேர்வழி என்று கதையை இழுத்திருப்பதால், பண்டிகை ஏதோ பாலர் பள்ளிப் பயிற்சித்தாள் மாதிரி ஆகிவிடுகிறது.

அதற்கு எதிரில் லெஸ்லியா நியூமன் எழுதி சூசன் கால் படம் வரைந்த 'வெல்கமிங் எலைஜா', 2020. வீட்டுக்கு உள்ளே ஒரு பையன், வெளியே இருட்டில் ஒரு பூனைக்குட்டி. உள்ளே அவன் மாட்ஸாவை உடைக்கிறான், வெளியே பூனை ஒரு சுள்ளியை இரண்டாக ஒடிக்கிறது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று இப்படியே போய், அந்த இரவு வருவார் என்று எதிர்பார்க்கும் எலியா தீர்க்கதரிசிக்காக வாசல் கதவைத் திறந்துவைக்கும் கட்டம் வருகிறது. கதவைத் திறந்தால் யார் நிற்பார் என்று பெரியவர்கள் நாம் ஊகித்துவிடுவோம், பிள்ளைகள் ஊகிக்கமாட்டார்கள். விளக்கம் என்று கதைக்குள் ஒரு வரிகூட இல்லை. 'ஏன் கதவைத் திறக்கிறாங்க? வராத ஆளுக்கு ஏன் ஒரு கிண்ணம்?' என்று கேள்வி தானாக வருகிறது. சிலந்தி தோற்றது, சந்தேகமே இல்லை.

அடுத்த வயதுக்கு, அதாவது நான்கைந்து வயதிலிருந்து, லெஸ்லி கிம்மல்மன் எழுதிய 'தி லிட்டில் ரெட் ஹென் அண்ட் தி பாஸோவர் மாட்ஸா', 2010. பழைய சிவப்புக் கோழிக் கதை தெரியும்தானே? கோதுமை விதைக்க யார் வருவீர்கள், அறுக்க யார் வருவீர்கள் என்று கேட்கும், யாரும் வரமாட்டார்கள், கடைசியில் ரொட்டி சுட்டதும் எல்லோரும் ஓடிவருவார்கள், உழைக்காதவனுக்கு இல்லை போ என்று கோழி தானே தின்றுவிடும். இங்கே கோழி ஒரு யூதப் பாட்டியாகிவிட்டது, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழிச் சொற்களைப் போட்டு ஓயாமல் புலம்பும். ஆடு, குதிரை, நாய் எல்லாம் சோம்பேறி நண்பர்கள். மாட்ஸா சுடுவது சாதாரண வேலை இல்லை, மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்பிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் புளித்ததாகக் கணக்கு. ஆக கோழியின் அவசரத்துக்கு இங்கே நிஜமான காரணமே இருக்கிறது.

பழைய கதையின் முடிவு மட்டும் இங்கே செல்லாது. செடர் தொடங்கும்போதே 'பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும்' என்று அராமிக் மொழியில் ஒரு வரி வாசிக்க வேண்டும். வேலையே செய்யாமல் விருந்துக்கு மட்டும் வந்து நிற்கிற நண்பர்களைப் பார்த்துக் கோழிக்குக் கோபம் பொங்குகிறது, அதே நேரத்தில் அந்த வரியும் நினைவுக்கு வருகிறது. என்ன செய்யும்? உள்ளே அழைக்கிறது. விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவும் வேலை யார் தலையில் விழுகிறது என்பது தனி வேடிக்கை. உழைத்தால்தான் சோறு என்று பாடம் நடத்திய கதையைப் பண்டிகையின் ஒரே ஒரு வரி தலைகீழாகப் புரட்டிப்போடுகிறது என்பதில்தான் இந்தப் புத்தகத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. குறை என்றால், பழைய கதை தெரியாத பிள்ளைக்கு இது பாதிதான் போய்ச்சேரும். முதல் நாள் அதைச் சொல்லிவிட்டு மறுநாள் இதை எடுங்கள்.

இப்போது நான் அதிகம் ரசித்த போட்டி. யித்திஷ் எழுத்தாளர் ஐ. எல். பெரெட்ஸ் எழுதிய ஒரே கதையிலிருந்து பிறந்த இரண்டு படப்புத்தகங்கள். கதை சின்னது: பஸ்கா நெருங்கும் நேரத்தில் ஊருக்கு ஒரு வித்தைக்காரன் வருகிறான். அதே ஊரில் நொடித்துப்போன ஒரு குடும்பம், பண்டிகைக்கு மேசையில் வைக்க ஒன்றுமில்லை. செடர் இரவில் அவன் வந்து, வெறும் மேசையில் மெழுகுவர்த்தி, மாட்ஸா, திராட்சரசம் என்று எல்லாவற்றையும் வரவழைக்கிறான். அந்த வீட்டார் உடனே சாப்பிட உட்காரவில்லை. இது நல்ல மாயமா கெட்ட மாயமா என்று தெரியாமல் ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், ஓடுகிறார்கள். கெட்ட மாயத்தில் பொருள் நிஜமாக இருக்காது, மாட்ஸா கையில் உடைகிறதா, ரசம் கிண்ணத்தில் விழுகிறதா பாருங்கள், அப்படியென்றால் அது தெய்வ காரியம் என்கிறார் ரபி. திரும்பி வந்தால் ஆளைக் காணோம். வந்தது எலியா.

1973இல் யூரி ஷுலெவிட்ஸ் இதை 'தி மஜிஷியன்' என்று வரைந்தார். வார்சாவில் 1935இல் பிறந்தவர், 1969இல் வேறொரு புத்தகத்துக்காக, அமெரிக்கப் படப்புத்தகங்களுக்கான கால்டிகாட் பதக்கம் வாங்கியவர். கருப்பு வெள்ளைக் கோட்டோவியம், கிழக்கு ஐரோப்பிய யூதச் சிற்றூர், வயதான கணவன் மனைவி, பிள்ளை பாத்திரமே கிடையாது. 2021இல் சூசன் கூசல் எழுதி ஷான் ரூபின் வரைந்த 'தி பாஸோவர் கெஸ்ட்' அதே கதையை 1933ஆம் ஆண்டு வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலம், செர்ரி பூத்திருக்கிறது, லிங்கன் நினைவிடத்தின் படிகளில் வித்தைக்காரன். மியூரியல் என்றொரு சிறுமி கையில் இருந்த காசை அவனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் மேசை காத்திருக்கும் வீட்டுக்குப் போகிறாள். இந்தப் புத்தகத்துக்கு 2022இல், யூதக் குழந்தைப் புத்தகங்களுக்கான சிட்னி டெய்லர் விருது கிடைத்தது.

எது மேல்? பிள்ளையின் கையில் கொடுப்பதென்றால் கூசல்தான். மியூரியல் இருப்பதால் பிள்ளைக்குக் கதைக்குள் நுழைய ஒரு வாசல் கிடைக்கிறது, படங்களில் நிறமும் மிதப்பும் இருக்கிறது, அற்புதம் அந்த வீட்டோடு நிற்காமல் ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து சாப்பிடும் அளவுக்கு விரிகிறது. ஆனால் எனக்காக ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் ஷுலெவிட்ஸைத்தான் வைத்துக்கொள்வேன். கூசலின் கதையில் ஊரே பசியில் இருக்கிறது, அதனால் இந்தக் குடும்பத்தின் பசி பத்தோடு பதினொன்றாகத் தெரிகிறது. ஷுலெவிட்ஸின் ஊரில் மற்ற வீடுகள் பண்டிகைக்குத் தயாராகிவிட்டன, இவர்கள் வீடு மட்டும் இருட்டு. அந்த இருட்டை வண்ணத்தில் வரைந்துவிட முடியாது. இரண்டு புத்தகத்துக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான், 'பசிக்குதுன்னா உடனே ஏன் சாப்பிடல?' அதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள், அரைமணி நேரம் ஓடிவிடும்.

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு நான் முதலிடம் கொடுப்பது பார்பரா கோஹன் எழுதிய 'தி கார்ப் இன் தி பாத்டப்', 1972. புரூக்ளினின் ஃபிளாட்புஷ் பகுதி. லேயா, அவள் தம்பி ஹாரி, சமையலில் பேர்பெற்ற அம்மா. பஸ்காவுக்கு கெஃபில்டே மீன் செய்ய வேண்டும்: மீனின் சதையை அரைத்து, மாட்ஸா பொடி, முட்டை, வெங்காயம் சேர்த்து உருண்டை பிடித்து வேகவைப்பது. மீன் புதிதாக இருக்க வேண்டும் என்று அம்மா சில நாள் முன்பே ஒரு கெண்டையை உயிரோடு வாங்கிவந்து குளியல் தொட்டியில் விட்டுவிடுவாள். அந்த வருடம் வந்த மீன் இவர்களைப் பார்த்துப் பழகிவிடுகிறது. ஜோ என்று பேர் வைக்கிறார்கள். பேர் வைத்தாயிற்று என்றால் அப்புறம் என்ன ஆகும் என்று ஆடு, கோழி வளர்த்த எந்தத் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லவேண்டியதில்லை. வாளியில் போட்டு அண்டை வீட்டுத் தொட்டிக்குக் கடத்திப்போய் ஒளித்துவைக்கிறார்கள். அப்பா கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவருகிறார்.

ஜோ பிழைக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அம்மா தன் வேலையைச் செய்கிறாள், பிள்ளைகள் அந்த மீனைத் தொடவில்லை, அப்பா பிறகு ஒரு பூனையைக் கொண்டுவருகிறார். அம்மாவைக் கொடுமைக்காரியாகக் காட்டாமல், பிள்ளைகளைத் தப்புச் செய்தவர்களாகவும் காட்டாமல், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற ஒரு சண்டையை இவ்வளவு சின்னப் புத்தகத்துக்குள் வைத்தது பெரிய காரியம். பண்டிகையின் பொருளைப் பற்றி அதில் பிரசங்கம் இல்லை. ஆனால் அந்தச் சமையலறை வாசனை, விருந்துக்கு முந்தைய பரபரப்பு, பண்டிகை என்றால் வீட்டில் யாரோ ஒருவர் மாடாக உழைக்கிறார் என்ற உண்மை எல்லாம் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் நீளம், ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம். அழுகிற பிள்ளை என்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

ஒரே பண்டிகையோடு நிற்காமல் வருடம் முழுக்க வேண்டும் என்றால் சிட்னி டெய்லரின் 'ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி', 1951. மேலே சொன்ன விருது இவர் பெயரில்தான். 1912 வாக்கில் நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடில் ஐந்து சகோதரிகள், ஓய்வுநாள், பூரிம், சுக்கோத் என்று பண்டிகைகள் வாழ்க்கையோடு வாழ்க்கையாக வந்துபோகும், பஸ்கா அத்தியாயத்தில் வீட்டுக்குள் ஸ்கார்லெட் காய்ச்சல் புகுந்துவிடும். படப்புத்தக வயதைத் தாண்டியவர்களுக்கு. ஹனுக்கா புத்தகங்களைப் பற்றி நீட்டப் போவதில்லை. யூத நாட்காட்டியில் அது சின்னப் பண்டிகை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் பக்கத்தில் வருவதால் கடையில் குவிந்துகிடக்கிறது. ஒன்றே ஒன்று: எரிக் கிம்மல் எழுதி ட்ரைனா ஷார்ட் ஹைமன் வரைந்த 'ஹெர்ஷல் அண்ட் தி ஹனுக்கா காப்ளின்ஸ்', 1989. வேகவைத்த முட்டையைக் கல் என்று நம்பவைத்துக் கையால் நசுக்கிப் பூதத்தை மிரட்டும் ஹெர்ஷலைப் படிக்கும்போது தெனாலிராமன் ஞாபகம் வராமல் போகாது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு யூத நண்பர் வீட்டுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்க யோசிக்கிறீர்களா? நல்ல யோசனை, தின்பண்டத்தைவிடப் பத்திரம். அந்த வாரத்தில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது, கேக், பிஸ்கட் எல்லாம் அடிபட்டுப்போகும். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி குடும்பங்கள் பலவற்றில் அரிசியும் பருப்பும்கூட வழக்கமாகச் சேர்க்கமாட்டார்கள், ஆகவே முறுக்கும் தப்பாது. புத்தகத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: ஹெரால்ட் கிரின்ஸ்பூன் 2005இல் தொடங்கிய பிஜே லைப்ரரி என்ற திட்டம் யூதக் குடும்பங்களுக்கு மாதாமாதம் இலவசமாகக் கதைப் புத்தகம் அனுப்புகிறது, அதனால் புதிய புத்தகங்கள் ஏற்கெனவே அந்த வீட்டு அலமாரியில் இருக்கலாம். பழைய புத்தகக் கடையில் கெண்டை மீனையோ ஷுலெவிட்ஸையோ தேடிப்பிடித்துக் கொடுங்கள். மீனைக் கொடுப்பதென்றால் பிள்ளையின் அம்மாவிடம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.