குறைந்த விலை 43 அங்குலத் தொலைக்காட்சி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

விலை குறைந்த தட்டைத்திரைத் தொலைக்காட்சிகளைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, பெட்டியைப் பிரித்த முதல் வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. அந்த வாரத்தில் எந்தத் தொலைக்காட்சியும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கலாமா, வேண்டாமா என்பது உத்தரவாதக் காலம் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில், 27,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கிய 43 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்று, தென்காசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்தே இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டாலும் அதனால் பெரிய பயன் இருக்காது. இந்த விலையில் பெயர் வேறு, தயாரிப்பாளர் வேறு என்பதே பெரும்பாலும் நடைமுறை. கோடக், தாம்சன், பிளாபங்ட் ஆகிய மூன்று பழைய அயல்நாட்டுப் பெயர்களையும் உரிமம் பெற்று இந்தியாவில் தொலைக்காட்சிகளாக விற்றது சூப்பர் பிளாஸ்ட்ரோனிக்ஸ் என்ற ஒரே இந்திய நிறுவனம்தான். திரைப் பலகமும் (பேனல்) அப்படித்தான்: சாம்சங் 2022இல் எல்சிடி பலக உற்பத்தியையே நிறுத்திவிட்டது, எல்ஜியின் குவாங்சோ ஆலை சீனாவின் டிசிஎல் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. இன்று விற்கும் எல்சிடி தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவற்றின் பலகம், முன்புறம் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், சீன ஆலைகளிலிருந்து வருவதே. ஆகவே பெயரைப் பார்த்துத் திரையின் தரத்தை ஊகிப்பதைக் காட்டிலும், அந்தப் பெயருக்கு உங்கள் ஊரில் பழுது நீக்க ஆள் உண்டா என்று விசாரிப்பது மேல்.

படத்தின் தரத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை; ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. உள்ளூர் கேபிளின் சாதாரண செட்டாப் பாக்ஸ் தரும் படத்தில் 720 × 576 புள்ளிகள் இருக்கும். 4கே திரையிலோ 3840 × 2160 புள்ளிகள். கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. அதாவது, வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இருபது புள்ளிகளைத் தொலைக்காட்சி தானே ஊகித்து நிரப்ப வேண்டும். விலை உயர்ந்த தொலைக்காட்சிகளில் இதற்கென நல்ல பிராசசர் சிப் இருக்கும், இதில் இல்லை. செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியதுபோல் தெரிவதற்கும், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளின் விளிம்பு சிதைவதற்கும் இதுவே காரணம். 2006இல் தொடங்கித் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஒன்று எங்கள் உறவினர் வீட்டில் இன்னும் இயங்குகிறது. சாதாரண கேபிள் படம் அதில்தான் துல்லியமாகத் தெரிகிறது என்றால் சிலர் நம்ப மறுக்கிறார்கள். எச்டி செட்டாப் பாக்ஸுக்கு மாறியதும், அதுவும் எச்டிஎம்ஐ கம்பி வழியாக இணைத்ததும், அதே திரை வேறொரு திரையாகிவிட்டது. அந்தச் செலவுக்கு மனமில்லாதவர்கள் 4கே தொலைக்காட்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

4கே என்பதே 43 அங்குலத்தில் எவ்வளவு தேவை என்ற கேள்வியும் உண்டு. இந்த அளவுத் திரையின் அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். முழு எச்டியில் (1920 × 1080 புள்ளிகள்) ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் வரும். இயல்பான பார்வை உள்ளவர்களுக்கு ஆறடித் தொலைவைத் தாண்டினால் அது தனியாகத் தெரியாது. எங்கள் கூடத்தில் நாற்காலிகள் எட்டடிக்கு அப்பால் இருப்பதால், 4கே படத்துக்கும் நல்ல முழு எச்டி படத்துக்கும் எங்கள் வீட்டில் எவராலும் வேறுபாடு காண முடிந்ததில்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த எச்டிஆர் வசதியின், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் வசதியின், நிலையும் இதுதான். அந்தச் சமிக்ஞையை இத்தொலைக்காட்சி ஏற்றுக்கொள்ளும். ஆனால் 1,000 நிட்ஸ் (திரை ஒளிர்வின் அலகு) ஒளிர்வை மனத்தில் கொண்டு தயாரிக்கப்பட்ட காட்சியை, அதில் கால் பங்கை ஒட்டிய ஒளிர்வுடைய திரை எப்படிக் காட்டும்? இரவுக் காட்சிகள் சாதாரண முறையில் தெரிவதைவிட இருண்டே தெரிகின்றன.

ஒலியைப் பற்றி ஒரு வரி போதும்: ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கி இருப்பதால் மின்விசிறி ஓடும் அறையில் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை, சிறிய சவுண்ட்பார் ஒன்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

முதலில் முதுமை அடைந்தது திரை அன்று, மென்பொருள். 8 ஜிபி சேமிப்பகத்தில் இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக மீதி இருந்த இடத்தை, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஓடிடி செயலிகள் புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு வளர்ந்து நிரப்பிவிட்டன. ரிமோட்டில் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பது வழக்கமாயிற்று. நிறுவனத்திடமிருந்து வந்துகொண்டிருந்த அப்டேட்டும் அந்தச் சமயத்தில் நின்றுபோனது. இதற்காகத் தொலைக்காட்சியை மாற்ற வேண்டியதில்லை. ஓடிடி செயலிகளைத் தானே இயக்கும், ஐயாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்ற சிறு கருவி ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகி, தொலைக்காட்சியின் வைஃபையை அணைத்துவிட்டேன். அன்று முதல் இது வெறும் திரை. ஸ்மார்ட் என்பதெல்லாம் அந்த ஸ்டிக்கின் வேலை. ஒரு பயனுள்ள விளைவு என்னவென்றால், நாளைக்கு ஸ்டிக் பழையதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நான்காம் ஆண்டில்தான் உண்மையான சோதனை வந்தது. ஒருநாள் இரவு ஒலி தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, திரை மட்டும் சட்டென்று இருண்டது. இத்தகைய நேரத்தில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்து, உருவங்கள் மங்கலாக நகர்வது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பலகம் நலமாக இருக்கிறது, பின்னொளிதான் போயிருக்கிறது என்று கொள்ளலாம். எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் எல்இடி பட்டைகள் இருக்கும். அந்த விளக்குகள் தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்று எரிந்துபோனால் மின்னோட்டம் அறுபட்டு மற்றவையும் அணைந்துவிடும். விலையைக் குறைக்க வேண்டியிருப்பதால் இத்தகைய தொலைக்காட்சிகளில் பட்டைகளின் எண்ணிக்கை குறைவு. குறைந்த விளக்குகளிலிருந்து கூடுதல் ஒளியைப் பெற அதிக மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அவை சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் தேய்கின்றன.

நிறுவனத்தின் சேவை மையத்தைத் தொடர்பு கொண்டபோது, பலகத்தை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று கூறி, புதிய தொலைக்காட்சிக்கு நெருக்கமான ஒரு தொகையைச் சொன்னார்கள். ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவர் பட்டைகளை மட்டும் வரவழைத்து, 2,800 ரூபாயில் வேலையை முடித்துக் கொடுத்தார். பலகத்தைக் கழற்றும்போது அது விரிசல் கண்டால் தாம் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார்; காகிதம்போல் மெலிந்த அந்தக் கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததைப் பார்த்த பிறகு, அது நியாயமான நிபந்தனை என்றே தோன்றியது. போகும்போது அவர் சொன்னது: "பேக்லைட்ட நூறுல வச்சிருக்கீங்க சார். கம்பெனில இருந்தே அப்படித்தான் வரும், கடையில பளிச்சுன்னு தெரியணும்லா. அம்பதுக்குக் கீழ வைங்க, ரொம்ப நாள் வரும்."

இப்போது 45இல் இருக்கிறது. பகலில் சன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டால் அந்த ஒளியே போதுமானதாக உள்ளது. மின்சாரமும் குறைகிறது. பின்புறச் சீட்டில் குறிப்பிட்டுள்ள 90 வாட் கணக்கில் நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் ஆகும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற நம் மாநிலக் கணக்கில் அதன் எல்லையை ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு இது பொருட்படுத்த வேண்டிய அளவுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொரு கவனமும் தேவை: இடி இடிக்கும்போது மின்செருகியை மட்டும் பிடுங்கினால் போதாது. வெளியிலிருந்து வரும் கேபிள் கம்பி வழியாக மின்னல் அதிர்ச்சி செட்டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ துளையைக் கடந்து, போர்டு வரை போகக்கூடும். அந்தக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் தொலைக்காட்சி, ஸ்டிக், பழுது ஆகிய மூன்றும் சேர்ந்து 35,000 ரூபாய்க்குள் அடங்குகின்றன. அந்தப் பணத்துக்கு இத்தனை ஆண்டுகள் பெரிய திரையில் பார்த்ததைக் குறைவான பலன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், இந்த அளவு இப்போது இன்னும் மலிவு. எச்டி இணைப்போ இணையமோ உள்ள வீடு, பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் உள்ள ஊர், வாங்கிய அன்றே பின்னொளியைக் குறைத்துவிடும் பொறுமை ஆகிய மூன்றும் அமைந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். நாளெல்லாம் ஓட வேண்டிய கடைகளுக்கும், இருட்டறையில் படம் பார்ப்பதையே முதன்மையாகக் கருதுபவர்களுக்கும் இது ஏற்றதன்று. வீட்டில் பெரியவர்கள் சாதாரண கேபிளில் செய்தியும் தொடரும் மட்டும் பார்ப்பவர்கள் என்றால் 1366 × 768 புள்ளிகள் கொண்ட 32 அங்குலமே போதும். கேபிள் படம் அதில் அவ்வளவாகச் சிதைவதில்லை. அதற்கான வரி முன்பே 18 விழுக்காடாக இருந்தது, ஆகையால் வரிக்குறைப்பைச் சொல்லித் தள்ளுபடி என்று கடைக்காரர் விளக்கினால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.