உடும்புத் தோல் இல்லாத கஞ்சிரா

காரைக்குடியில் ஓர் இசைக்கருவிக் கடையில், ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்டும் சிறு தோல்கருவியான கஞ்சிரா கேட்டபோது, கடைக்காரப் பெரியவர் ஆட்டுத்தோல் கட்டியதை மட்டுமே எடுத்து வைத்தார். "உடும்புத் தோல் இங்கே கிடையாது தம்பி, கேட்கவும் கேட்காதீங்க" என்றார். மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த இந்தக் கருவிக்கு உடும்புத் தோலே வழக்கம்; ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள அந்த உயிரைக் கொன்று தோலை விற்பவருக்கு, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. வாங்குபவர் இருக்கும்வரை வேட்டையும் இருக்கும் என்பதால், பெரியவரின் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வாங்கி வந்த ஆட்டுத்தோல் கஞ்சிராவின் உட்புறம் நீர் தடவியதும் சுருதி நன்றாகவே இறங்குகிறது; தோலை அழுத்தி எழுப்பும் குழைவான தாழ்ந்த ஒலியான கும்கி மட்டும் சற்றுத் தட்டையாக ஒலிக்கிறது. பலாக்கட்டையின் விளிம்பு சொரசொரப்பாக இருந்ததால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று.