ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்: பல் கிளினிக்கில் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

புதிதாகப் பல் கிளினிக் தொடங்கும் தம்பி தங்கைகள் எந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக் குழாயைப் பிடித்துப் பூட்டும் இடுக்கி) வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன்: முதலில் 12.5 செ.மீ. வளைந்த மஸ்கிட்டோ, அதாவது மெல்லிய நுனி கொண்ட சிறிய வகை. நேரானது அப்புறம்.

வாய்க்குள் ரத்தக் குழாயைப் பிடித்துக் கட்டும் நிலை அபூர்வமாகத்தான் வரும். பல் எடுத்த குழியில் கசியும் ரத்தம் பெரும்பாலும் காஸை மடித்து வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னாலே நின்றுவிடும், நிற்காவிட்டால் தையல். அண்ணத்துத் தமனியில் வெட்டுப் பட்டால் மட்டும் இந்த ஃபோர்செப்ஸ் கையெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். மற்ற நாட்களில் ஞானப் பல் குழிக்குள் கிடக்கும் எலும்புச் சில்லு, கழன்று ஆடும் வேர்நுனி, சீழ்பிடித்த சதை ஆகியவற்றை எடுக்கத்தான் உதவுகிறது. நுனி வளைந்திருந்தால் நம் கையே பார்வையை மறைக்காது. 14 செ.மீ. நீளமுள்ள கெல்லி என்ற பெரிய வகை கடைசிக் கடைவாய்ப் பல் பக்கம் போனால் கன்னத்தில் இடிக்கிறது. அதன் அலகில் (பிடிக்கும் வாயில்) வரிப்பள்ளமும் முன்பாதியில்தான் இருக்கும். மஸ்கிட்டோவில் அலகு முழுக்க உண்டு.

வாங்கும்போது, கைப்பிடியில் உள்ள ராட்செட் என்ற பூட்டுப் பற்களில் முதல் பல்லில் பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனிகள் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் முட்டி, நுனியில் வெளிச்சம் தெரிந்தால் அது வேண்டாம். அடுத்து, அதே பூட்டோடு மூட்டைப் பிடித்துக்கொண்டு ராட்செட் பக்கத்தை மேசையில் லேசாகத் தட்டுங்கள். படக்கென்று திறந்துகொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜெர்மனியின் டுட்லிங்கனில் செய்ததோ, பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்ததோ, இந்த இரண்டு சோதனையும் எல்லாவற்றுக்கும் பொது.

நல்ல ஃபோர்செப்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் தையல்தான். நான் போய்வந்த ஒரு கிளினிக்கில் நீடில் ஹோல்டர் என்ற ஊசி பிடிக்கும் கருவிக்குப் பதிலாக மஸ்கிட்டோவாலேயே ஊசியைப் பிடித்துத் தைப்பார்கள். சில மாதங்களில் நுனிகள் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு நின்றன. ஊசியும் பிடியில் சுழன்றுகொண்டே இருந்தது. மெல்லிய அலகுக்கு அந்தப் பாரம் ஆகாது.

அடுத்த எதிரி துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே என்று ரத்தத்தோடும் சலைனோடும் தட்டில் போட்டுவைத்தால், உப்பு முதலில் மூட்டின் இடுக்கைத்தான் அரிக்கும். ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்) ஊறப்போடவே கூடாது. வேலை முடிந்த கையோடு என்சைம் கரைசலில் போட்டு, மூட்டைத் திறந்து பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஆட்டோகிளேவுக்குள் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) பூட்டியபடி வைக்காதீர்கள். 134 டிகிரி சூட்டில் உலோகம் விரியும்போது மூட்டில் விரிசல் விடும். பூட்டிய இடத்தில் நீராவியும் சரியாகப் படாது. ஆட்டோகிளேவில் ஊற்றும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவே இருக்கட்டும். போர் தண்ணீர் விட்டால் வெள்ளைத் திட்டு படிந்து, மூட்டு இறுகிப்போகும்.

விலையைப் பொறுத்தவரை, மஸ்கிட்டோவுக்கு நடுத்தர விலையே போதும். நீடில் ஹோல்டருக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். டங்ஸ்டன் கார்பைடு தகடு பதித்தது, வழக்கமாகத் தங்க நிறப் பிடியோடு வருவது, ஊசியை நழுவ விடுவதில்லை. பல மாடல்களில் தகடு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.