எடையா, பிடிப்பா? கரடுமுரடான மலைப்பாதைப் பந்தயங்களுக்கான ஐந்து ஷூக்கள்: ஓர் ஒப்பீடு

மலைப்பாதைப் பந்தயத்துக்கென இலகுவான ஷூ வாங்க முனைபவர்களில் பலர் முதலில் கேட்பது அதன் எடையைத்தான். தயாரிப்பாளர்களும் அந்த எண்ணையே முன்னிறுத்துகிறார்கள். எளிதில் ஒப்பிடக்கூடிய எண் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் காலடியில் நழுவும் கற்கள், ஈரப்பாறை, மர வேர்கள், கணுக்கால் புதையும் சேறு, கையூன்றி ஏறி இறங்க வேண்டிய முகடுகள் என்று அமையும் தடத்தில் ஓடுபவர், எடையை முதலில் அல்ல, கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ரப்பரின் பிடிப்பு, பாதம் தரையிலிருந்து நிற்கும் உயரம், ஷூ காலைக் கவ்வும் விதம் ஆகிய மூன்றும் தேறிய பிறகும் இரண்டு ஜோடிகள் எஞ்சினால், அப்போது தராசை எடுக்கலாம்.

எடைக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓட்டக்காரர்களுக்குத் தெரியாமல் அவர்களுடைய ஷூக்களில் சிறு ஈயக் குண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடியபோது ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1.1 விழுக்காடும், 3000 மீட்டர் ஓட்டத்தின் நேரம் ஏறத்தாழ 0.8 விழுக்காடும் உயர்ந்தன. இந்தக் கணக்கை மலைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. ஆயினும் பேசிக்கொண்டிருக்கும் ஆதாயம் எவ்வளவு சிறியது என்று காட்ட அது போதும். 170 கிராம் ஷூவுக்கும் 250 கிராம் ஷூவுக்கும் உள்ள வேறுபாடு, நான்கு மணி நேரப் பந்தயத்தில் ஒன்றரை நிமிடம் அளவுக்குத்தான் வருகிறது. ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் ஒவ்வொரு ஈரக்கல்லின் மீதும் காலை வைக்கத் தயங்கித் தயங்கி இறங்குபவர் இழக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை ஐந்து. சாலமன் எஸ்/லேப் பல்சார், 2021இல் வந்த முதல் வடிவத்தில் ஏறத்தாழ 170 கிராம்; இவற்றுள் மிக இலகுவானது அதுவே. என்நார்மல் ஷெராக் 200 கிராம் அளவில் இருக்கிறது. மலையோட்ட வீரர் கிலியன் ஜோர்னெட்டும் கேம்பர் காலணி நிறுவனமும் சேர்ந்து 2022இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் ஷூ இது. இங்கிலாந்தின் இனோவ்-8 நிறுவனம் தன் ஷூக்கள் பலவற்றின் பெயரிலேயே எடையைச் சேர்த்துவிடும். எக்ஸ்-டாலன் ஜி 210 அவ்வகையில் 210 கிராம். பின்லாந்தின் வி.ஜே. எக்ஸ்ட்ரீம் 250 கிராமை ஒட்டியது. ஹோகா டெக்டன் எக்ஸ் முதல் வடிவம் ஏறத்தாழ 240 கிராம். கார்பன் தகடு பொதிந்தது. இந்த எடைகள் நிறுவனங்கள் மாதிரியாக எடுக்கும் ஓர் அளவுக்கு உரியவை என்பதையும், உங்கள் பாதம் பெரிதானால் எண்ணும் பெரிதாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ரப்பரும் அடிப்பற்களும்

ஈரப்பாறையில் பிடிப்பைத் தீர்மானிப்பது அடிப்பற்களின், அதாவது ஷூவின் அடியில் துருத்தி நிற்கும் ரப்பர் முனைகளின், உயரம் என்று பலர் நம்புகிறார்கள். அது சேற்றுக்குப் பொருந்தும் விதி. பாறையின் மீது பற்கள் எதிலும் இறங்குவதில்லை. கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் எவ்வளவு நன்றாகப் படிகிறது, படிந்தபின் எவ்வளவு மெதுவாக மீள்கிறது என்பதே அங்கே கணக்கு. மென்மையான, துள்ளல் குறைந்த ரப்பர் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். துள்ளல் மிகுந்த கெட்டி ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். இரண்டையும் ஒரே கலவையில் முழுமையாகப் பெறுவது கடினம் என்பதால், ஒவ்வொரு நிறுவனமும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டியிருக்கிறது.

வி.ஜே. அப்பட்டமாகப் பிடிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. அது பயன்படுத்தும் பியூட்டைல் ரப்பர் இயல்பிலேயே அதிர்வை விழுங்குவது, மந்தமாக மீள்வது. திசைகாட்டியும் வரைபடமும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் தடமில்லாமல் ஓடும் ஓரியன்டீரிங் விளையாட்டுக்கு ஷூ செய்து பழகிய நிறுவனம் அது என்பது எக்ஸ்ட்ரீமின் அடியைப் பார்த்தாலே தெரியும்: 4 மி.மீ. பற்கள், தட்டையான முகம், பாறையில் பரந்து படியும் பரப்பு. ஈரப்பாறைக்கு இந்த ஐந்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் தயங்காமல் இதையே எடுப்பேன். தார்ச்சாலையிலும் கெட்டித் தடத்திலும் அந்த ரப்பர் விரைவில் தேயும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

ஷெராக்கும் டெக்டன் எக்ஸும் வைப்ராம் நிறுவனத்தின் மெகாகிரிப் ரப்பரை, லைட்பேஸ் எனப்படும் மெலிந்த அமைப்பில் பயன்படுத்துகின்றன. பிடிப்பைக் குறைக்காமல் அடி ரப்பரின் தடிமனை மட்டும் குறைப்பது லைட்பேஸின் நோக்கம். எடை அங்கேதான் மிச்சமாகிறது. ஷெராக்கின் பற்கள் 3.5 மி.மீ. மட்டுமே. உலர்ந்த பாறை, ஈரப்பாறை, மண்தடம் எல்லாவற்றிலும் நம்பிக்கையாக நடந்துகொள்ளும் இந்த ரப்பர், எதிலும் முதலிடம் பெறாவிட்டாலும் எதிலும் கைவிடுவதில்லை. பல்சாரின் கான்டாகிரிப் ரப்பரும் மோசமல்ல. ஆனால் எடையைக் குறைப்பதற்காக அதன் பற்கள் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கின்றன. மென்தரைக்கென ஆழமான பற்களுடன் தனி வடிவத்தை அதே நிறுவனம் பின்னர் கொண்டுவந்ததே, மூல வடிவத்தின் எல்லை எதுவென்று சொல்லிவிடுகிறது.

எக்ஸ்-டாலன் தனி வகை. அதன் பற்கள் 8 மி.மீ.; ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நிற்பவை. சேற்றில் இறங்கிப் பிடிக்கவும், ஒவ்வோர் அடியிலும் ஒட்டிய சேற்றை உதறவும் அந்த இடைவெளிதான் உதவுகிறது. பற்கள் நெருக்கமாக இருந்தால் பத்தே அடியில் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகம் வழவழப்பான கட்டியாகிவிடும். அப்போது எவ்வளவு நல்ல ரப்பரும் பயன்படாது. இனோவ்-8 மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2018இல், கார்பனின் மிக மெல்லிய, உறுதியான வடிவமான கிராஃபீன் கலந்த ரப்பரைக் கொண்டுவந்தது. பெயரிலுள்ள "ஜி" அதைக் குறிப்பது. இவ்வளவு உயர்ந்த பற்கள் விரைவில் மழுங்கிவிடும் என்ற பழைய குறைக்கு அது ஓரளவு மருந்து. ஆனால் கெட்டிப் பாறையில் அதே பற்கள் வளைந்து ஆடும். கல்லைத் தொடும் பரப்பு சுருங்கும். உள்ளங்கால் பற்களின் அழுத்தத்தைத் தனித்தனியாக உணரத் தொடங்கும். சேறு இல்லாத பந்தயத்துக்கு இதை அணிந்து போவது வீண்.

உயரமும் முறுக்கமும்

டெக்டன் எக்ஸ் மற்ற நான்கிலிருந்தும் விலகி நிற்பது இங்கேதான். உயரமான நுரை, அதனுள் நீளவாக்கில் இணையாகச் செல்லும் இரண்டு கார்பன் தகடுகள், படகுபோல் வளைந்த அடி என்று அது அமைந்திருக்கிறது. ஒரே அகலத் தகட்டுக்குப் பதில் இரண்டாகப் பிரித்தது நல்ல யோசனை: பாதத்தின் உட்புறம் ஒரு கல்லில் ஏறினாலும் வெளிப்புறம் தனியாக இறங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. மோன் பிளாங்க் மலையைச் சுற்றி நடக்கும் நெடுந்தூரப் பந்தயமான யூ.டி.எம்.பி.யை 2023ஆம் ஆண்டு அமெரிக்க ஓட்டவீரர் ஜிம் வாம்ஸ்லி 19 மணி 37 நிமிடத்தில் வென்றபோது அணிந்திருந்தது இந்த வரிசையில் வந்த ஷூதான். இருப்பினும் யூ.டி.எம்.பி. தடத்தின் பெரும்பகுதி ஓடக்கூடிய பாதை என்பதை மறந்து, அந்த வெற்றியைக் கொண்டு பாறை முகடுகளுக்கும் இதுவே சிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது. பாதம் தரையிலிருந்து உயர உயர, ஷூவின் விளிம்பு ஒரு கல்லில் சரியும்போது கணுக்காலைத் திருப்பும் நெம்புவிசையும் கூடுகிறது. கீழே என்ன இருக்கிறது என்ற உணர்வோ குறைகிறது. களைத்துப்போன கால்களுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது ஆபத்தானது.

ஷெராக் நேரெதிர். குதிகாலில் 23.5 மி.மீ., முன்பாதத்தில் 17.5 மி.மீ. என்ற தாழ்ந்த நிலையில், பாதம் தரையைப் படித்துக்கொண்டே ஓடுகிறது. ஜோர்னெட் 2022இல் ஸ்பெயினின் சேகமா மலை மாரத்தானை 3 மணி 36 நிமிடம் 40 விநாடியிலும், அதே ஆண்டு யூ.டி.எம்.பி.யை 19 மணி 49 நிமிடத்திலும் வென்றது இந்த ஷூவோடுதான். ஒரே ஷூ இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது என்பது ஷூவைப் பற்றிச் சொல்வதைவிட அவருடைய கால்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது. முப்பது மணி நேரம் பாதையில் இருக்கப்போகும் ஒருவருக்கு அந்த மெல்லிய நுரை ஒவ்வொரு கல்லையும் கணக்கு வைத்துத் திருப்பித் தரும்.

எக்ஸ்ட்ரீமில் மெல்லிய பாறைத் தகடு ஒன்று உண்டு. கூரான கல் உள்ளங்காலைக் குத்தாமல் தடுக்கிறதே தவிர, கார்பன் தகடுபோல் உந்தித் தள்ளுவதற்காக அது வைக்கப்படவில்லை. பல்சாரின் நுரை அதன் எடைக்கு வியப்பூட்டும் அளவு துள்ளலானது. ஆனால் அடித்தளம் குறுகலானது, கால் சற்றே பிசகினாலும் மன்னிக்காதது. நன்கு பயின்ற, நேராகக் கால் வைக்கும் ஓட்டக்காரர் கையில் அது வாள். மற்றவர்களுக்கு அது தேவையற்ற சோதனை.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வேறுபாட்டை, அதாவது டிராப்பை, வைத்துப் பெரிய விவாதங்கள் நடக்கின்றன. இந்த ஐந்திலும் அது 3 முதல் 6 மி.மீ.க்குள் அடங்கிவிடுவதால் தேர்வை மாற்றும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. 10 மி.மீ. ஷூவில் பழகியவர் மட்டும் கெண்டைக்கால் பழகச் சில வாரங்கள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

காலைக் கவ்வும் விதம்

ரப்பர் பாறையைப் பிடித்தாலும், ஷூவுக்குள் பாதம் நழுவினால் பயனில்லை. சரிவுக்குக் குறுக்கே ஓடும்போது பாதம் அடித்தளத்தின் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாகச் சரிகிறதா என்பதே சரியான சோதனை. கடையில் இதைச் செய்து பார்க்க வழி உண்டு: சாய்தளம் ஒன்றில் பக்கவாட்டாக நின்று, முழு எடையையும் ஒற்றைக் காலுக்கு மாற்ற வேண்டும். பிறகு அதே சாய்தளத்தில் கீழ்நோக்கி நின்று குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை குத்த வேண்டும். கட்டைவிரல் முன்சுவரைத் தொட்டுவிட்டால், நீண்ட இறக்கத்தில் நகம் கறுப்பது உறுதி.

பல்சார் காலுறையைப் போல் பாதத்தைச் சுற்றிப் பிடிக்கிறது. அதன் ஒற்றை இழுப்பு லேஸ் விரைவானது, ஆனால் முன்பாதத்தைத் தளர்த்தி மேற்புறத்தை மட்டும் இறுக்க இடம் தருவதில்லை. எக்ஸ்ட்ரீம் நடுப்பாதத்தைத் தனிப் பட்டைகளால் லேஸோடு சேர்த்து இழுக்கிறது. பக்கவாட்டு நழுவலை இவ்வளவு நன்றாக அடக்கும் ஷூ இந்த ஐந்தில் வேறில்லை. அகன்ற பாதம் உள்ளவர்களுக்கு இவை இரண்டும் ஒத்துவருவது கடினம். அவர்களுக்கு விரல்பகுதியில் சற்றுத் தாராளமான ஷெராக் பொருந்தும், குறுகிய பாதத்துக்கோ அதே தாராளம் குறையாகிவிடும்.

எடையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பெட்டியில் எழுதியிருப்பது உலர்ந்த எடை. ஓடைகளைக் கடக்கும் பந்தயத்தில் உங்கள் காலில் இருக்கப்போவது நனைந்த எடை. ஷூவை வாளி நீரில் முழுதாக அமிழ்த்தி எடுத்து, அணிந்துகொண்டு ஐந்து நிமிடம் ஓடிவிட்டு, சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். மெல்லிய, நீர் உறிஞ்சாத நெசவு கொண்ட ஷூ விரைவில் வடித்துவிடும். குதிகாலைச் சுற்றித் தடித்த பஞ்சும் மெத்தையான நாக்கும் கொண்டது நீரைத் தாங்கிக்கொண்டே வரும். காகிதத்தில் இலகுவாக இருந்தது இந்தச் சோதனையில் தோற்பதுண்டு.

எந்தப் பந்தயத்துக்கு எது

ஐந்து கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் ஏறும் வெர்டிகல் கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பல்சார் போதும். ஏற்றத்தோடு பந்தயம் முடிந்துவிடுவதால் எடைக்கு முன்னுரிமை தருவது நியாயமாகும் ஒரே இடம் அதுதான். சுவிட்சர்லாந்தின் சியெர்-சினால் போல 31 கி.மீ. நீளத்தில் 2200 மீட்டர் ஏறி, நடுவில் நெடுந்தூரம் வேகமாக ஓட வாய்ப்பளிக்கும் தடத்தில் பல்சாரும் ஷெராக்கும் நேருக்கு நேர் போட்டியிடுகின்றன. மொத்தம் 1100 மீட்டர் இறக்கமும் இருப்பதால் எனக்கு ஷெராக்.

சேகமா நிலைமையே வேறு. 42.195 கி.மீ., 2736 மீட்டர் ஏற்றம், முகட்டில் கூரான சுண்ணாம்புப் பாறை, கீழே மழை பெய்தால் வழுக்கும் காட்டுச் சேறு. உலர்ந்த ஆண்டில் ஷெராக், மழை ஆண்டில் எக்ஸ்ட்ரீம் என்று நான் பிரிப்பேன். எக்ஸ்-டாலனை எடுக்கத் தோன்றும், ஆனால் முகட்டுப் பாறை அதைத் தண்டிக்கும். முழுக்க முழுக்கப் புல்சரிவும் சதுப்புமான குன்றோட்டங்களுக்கு மட்டும் எக்ஸ்-டாலனை மற்ற நான்கும் நெருங்க முடியாது. இத்தாலியின் கீமா கோப்பை போல 52 கி.மீ. தூரம் பாறைக்குவியல்களின் மீதும் சங்கிலி கட்டிய செங்குத்துகளிலும் செல்லும் பந்தயத்துக்கு எக்ஸ்ட்ரீம் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நூறு கிலோமீட்டரைத் தாண்டி, தடம் பெரும்பாலும் ஓடக்கூடியதாக இருந்தால் டெக்டன் எக்ஸ் அதன் உயரத்துக்கான நியாயத்தைக் கண்டடைகிறது.

எதை வாங்கினாலும் பந்தய நாளில் முதன்முறையாக அணியக் கூடாது; ஈரமான நீண்ட இறக்கம் ஒன்றையாவது அதில் இறங்கியிருக்க வேண்டும். அதன்பிறகு அன்றாடப் பயிற்சிக்குப் பழைய ஜோடியை வைத்துக்கொண்டு, இதைப் பந்தயங்களுக்கென ஒதுக்கிவிடலாம். முன்பாதத்தின் நடுவிலுள்ள பற்களின் விளிம்பு கூர்மை இழந்து உருண்டுவிட்டால், மேற்பகுதி புதிதுபோல் இருந்தாலும் அந்த ஜோடி இனிப் பயிற்சிக்குத்தான்.