நண்டுக்குப் போகும் படகு: செசபீக்கில் ஐந்து சீசன்

என் படகு எஞ்சினிலிருந்து வடித்த கியர் ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார் மெக்கானிக். பால் கூடிப்போன டீ மாதிரி இருந்தது. "தண்ணி இறங்கியிருக்கு" என்றார். அன்று சாயங்காலம் பார்த்துத்தான் கல்லூரி நண்பன் கேட்டான்: "நானும் ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன். உன்னோடது எப்படிடா?" கேட்ட நேரம் சரியில்லை. மூன்று வாரம் ஆறப்போட்டு இப்போது பதில் எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

21 அடி சென்டர் கன்சோல் (நடுவில் நின்று ஓட்டும் திறந்த படகு), பின்பக்கம் மாட்டிய 150 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மற்ற விவரங்கள் அவனுக்கே தெரியும். ஐந்து சீசனில் எஞ்சின் ஒரு நாள்கூட அடம்பிடித்ததில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை ஒரு முறை மாற்றினேன். எஞ்சின் அரிக்காமல் தான் கரைந்து காப்பாற்றும் உலோகத் துண்டான அனோடு மட்டும் அலுமினியத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஆற்று நீரும் உப்பும் கலந்த இந்தத் தண்ணீருக்குத் துத்தநாகத்தைவிட அதுதான் சரி. அலையில் தட்டும், முதுகு வலிக்கும். அது படகின் குற்றம் இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்தச் செசபீக் விரிகுடா 200 மைல் நீளம், சராசரி ஆழமோ சுமார் 21 அடிதான். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வரும். பிற்பகல் இடிமழையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, கோடையில் நாலு மணிக்கு மேல் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இந்தப் படகு எனக்குக் கொடுத்த பெரிய சுகம் வேகமோ மீனோ இல்லை, விரிகுடாவின் குறுக்கே போகும் பே பிரிட்ஜ் பாலம். கோடைச் சனிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகும் கூட்டம் முழுவதும் அந்தப் பாலத்தில்தான் ஏற வேண்டும். 1952இல் ஒன்று, 1973இல் பக்கத்திலேயே இன்னொன்று என்று இரண்டு கட்டியும் போதவில்லை. சுமார் 4.3 மைல் தூரத்துக்கு வண்டிகள் வாலும் தலையுமாக நிற்கும். நானும் அதில் நின்றிருக்கிறேன், பின் சீட்டில் குழந்தை "வந்தாச்சா?" என்று பதினெட்டாவது முறை கேட்க. இப்போது மேரிலாந்து மாநிலத் தலைநகர் அனாபொலிஸில் கயிற்றை அவிழ்த்துவிட்டு அந்தப் பாலத்துக்கு அடியில் போகிறேன். தலைக்கு மேலே அசையாத கார்கள், இங்கே முகத்தில் காற்று. கொஞ்சம் அற்ப சந்தோஷம்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்காமல் போனதில்லை.

பாலத்தைத் தாண்டி வடக்கே போய், லவ் பாயிண்ட் முனையைச் சுற்றி, செஸ்டர் ஆற்றுக்குள் திரும்பித் தெற்கே வந்தால் கென்ட் நேரோஸ். குறுகலான நீர்வழி, இரண்டு கரையிலும் நண்டுக் கடைகள். கடையின் துறையிலேயே படகைக் கட்டிவிட்டு நேராக மேசைக்குப் போகலாம். நீரோட்டம் அங்கே பலமாக இழுக்கும். முதல் வருடம் தளத்தில் உட்கார்ந்திருந்த ஐம்பது பேர் முன்னால் மூன்று முறை முட்டி மோதித்தான் கட்டினேன். நான்காவது முறை எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வெட்கமெல்லாம் ஒரு சீசனில் போய்விடும். மேசையில் காகிதம் விரித்து, மர சுத்தியல் கொடுத்து, மசாலா அப்பிய அவித்த நீல நண்டுகளைக் கொட்டுவார்கள். மசாலாவில் செலரி உப்பு தூக்கலாக இருக்கும். மிளகு நண்டு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதலில் சப்பென்று தோன்றும். மூன்றாவது நண்டில் பழகிவிடும். சைவக்காரியான என் மனைவி ஐந்து வருடமாகச் சோளக்கதிரும் உருளைக்கிழங்கும் தின்றே உடன் வருகிறாள்.

எல்லாம் சரி. என் பிரச்சினை மிதவைகள்.

நண்டுக் கூண்டு என்பது கம்பி வலையில் செய்த ஒரு பெட்டி. 1928இல் வர்ஜீனியாக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கி, பத்து வருடம் கழித்துச் செம்மைப்படுத்திய வடிவம்தான் இன்றைக்கும். கூண்டு அடியில் கிடக்கும், அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மேல் நுனியில் உருண்டையாக ஒரு மிதவை. மேரிலாந்தில் தொழில்முறைக் கூண்டுகளை ஆறுகளுக்குள் வைக்க முடியாது, விரிகுடாவில்தான் வைக்கலாம். ஆகவே லவ் பாயிண்ட் திரும்பியதும் நிம்மதி. அதுவரை கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். நீரோட்டம் பலமாக இருந்தால் மிதவை தண்ணீருக்குள் முங்கிப்போகும். போகும்போதாவது பரவாயில்லை, வெயில் முதுகில். திரும்புவது தென்மேற்கே, சாயங்காலச் சூரியனுக்கு நேராக. தண்ணீர் முழுக்கத் தகடு அடித்த மாதிரி மின்னும். மிதவை கண்ணில் படும்போது அது படகின் மூக்குக்கு அடியில் இருக்கும்.

மே மாதக் கடைசி வாரக்கடைசியில் அப்படித்தான் மாட்டினேன். "தக்" என்று ஒரு சத்தம், எஞ்சின் முனகியது, உடனே அணைத்தேன். மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால் புரொபெல்லரில் பச்சைக் கயிறு பந்தாகச் சுற்றியிருக்கிறது. கத்தி கையிலேயே இருந்தது. ஆனால் வெட்டினால் கூண்டு அடியில் அனாதையாகக் கிடந்து, யாருக்கும் உதவாமல் நண்டுகளைக் கொன்றுகொண்டே இருக்கும். விடியுமுன் எழுந்து அதை வைத்தவருக்கு அது வயிற்றுப்பாடு, எனக்கு இது பொழுதுபோக்கு. பின்பக்கம் குப்புறத் தொங்கி, நாற்பது நிமிடம் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். மனைவி என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூண்டு தப்பித்தது. புரொபெல்லருக்குப் பின்னால் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு இழை மட்டும் என் கண்ணில் படவில்லை. அது கியருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்து, உள்ளே தண்ணீர் புகுந்து, மெக்கானிக்கின் டப்பா வரை வந்தது. 420 டாலர், ஜூலை மாதம் முழுக்கப் படகு ஸ்டாண்டில்.

பணம்கூடப் பரவாயில்லை. அன்று மதியம் கடையில் பரிமாறிய பெண்ணிடம், "இது இந்தப் பக்கத்து நண்டா?" என்று சும்மா கேட்டிருந்தேன். "இந்த வாரம் லூயிசியானாவிலிருந்து வந்தது" என்றாள். தெற்கே வேறொரு மாநிலம். சீசன் தொடக்கத்தில் இங்கே அது சகஜம். ஆக நான் தின்றது லூயிசியானா நண்டு. என் சீல் வளையத்தைத் தின்றது மேரிலாந்துக் கயிறு.

புரொபெல்லருக்கு முன்னால் பொருத்தும் கயிறு வெட்டி வாங்கலாமா என்று யோசித்தேன். அது கூண்டுக்காரரின் கயிற்றைத்தான் வெட்டும், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது செய்வது இவ்வளவுதான்: திரும்பும்போது வேகத்தைப் பாதியாகக் குறைப்பது, போலரைஸ்டு கண்ணாடி, ஒரு ஆளை முன்னால் உட்கார வைப்பது, போய் வந்ததும் புரொபெல்லரைக் கழற்றிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதைச் செய்திருந்தால் 420 டாலர் மிஞ்சியிருக்கும். அதற்கு யாரைத் திட்டுவது?

நண்பனுக்குத் தீர்ப்பு: இந்தப் படகு நல்ல படகு, எஞ்சின் தங்கம். வாங்காதே. 1972 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவன் நீ, மேரிலாந்து விதிப்படி ஓட்டுவதற்குப் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேறு எடுக்க வேண்டும். பேசாமல் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை என்னோடு வா. நண்டு அப்போதுதான் சதைப்பிடிப்பாக இருக்கும். சாப்பாடு என் செலவு. திரும்பும்போது நீ முன்னால் உட்கார்ந்து மிதவை பார்த்துச் சொன்னால் போதும். என் மனைவி இனிமேல் அந்த வேலைக்கு வர மாட்டாளாம்.