விதைச் சேறு ஆன்லைனில் வாங்குபவர்களே, 18,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இப்போதுதான் லேபிலிருந்து ரூமுக்கு வந்தேன். வயிறு எரிகிறது. 18,500 ரூபாய்! எம்.டெக் உதவித்தொகையே மாதம் 12,400தான். கழிவுநீர்த் தொட்டியில் பாக்டீரியாவை வளர்க்க முதலில் போடும் விதைச் சேறு என்று நம்பி, ஒன்றரை மாதப் பணத்தை ஒரு பீப்பாய் மண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெங்களூரு மத்திகெரேயில் தங்கிப் படிக்கிறேன். ஹாஸ்டல் கழிவுநீரைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவை வைத்துச் சுத்தம் செய்வதுதான் புராஜெக்ட். எல்லாம் ஒரே தொட்டியில் நடக்கும். தண்ணீரை நிரப்பி, பாக்டீரியாவை வேலை செய்ய விட்டு, சேறு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அமெரிக்காவின் அயோவாவில் ரிச்சர்ட் டேக் குழுவினர் வளர்த்தெடுத்த முறை இது. எங்கள் தண்ணீரில் சி.ஓ.டி., அதாவது பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும் கழிவைக் காட்டும் அளவு, லிட்டருக்கு 400 மில்லிகிராம்தான். சாப்பாடு இவ்வளவு குறைவாக இருந்தால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்க் கூட்டம் மிக மெதுவாகத்தான் பெருகும். வடிக்கும்போது வெளியே போனது போனதுதான். அதனால்தான் முதலில் போடும் விதைச் சேறு, சட்டென்று அடியில் உட்காரும் கறுப்புக் குருணையாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலைச் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில் இந்தச் சேறு விற்கும் ஒரு ஆள் கிடைத்தார். பேசின இரண்டாவது நிமிடமே, "நானும் சேலம்தான் தங்கச்சி" என்றார். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். வி.எஸ்.எஸ்., அதாவது சேற்றின் திடப்பொருளில் எரிந்துபோகும் உயிர்ப்பொருள், எவ்வளவு என்று கேட்டேன். "75 சதவீதத்துக்குக் குறையாது" என்று தடுமாறாமல் சொன்னார். கண்ணாடி ஜாடியில் குருணை மளமளவென்று இறங்கும் வீடியோ வேறு அனுப்பினார். ரூம்மேட், "முதலில் ஒரு லிட்டர் சாம்பிள் கேளுடி" என்றாள். நம்ம ஊர்க்காரர்தானே என்று முழுப் பணத்தையும் யு.பி.ஐ.யில் அனுப்பினேன்.

பீப்பாய் வந்தது. மூடி தளர்ந்திருந்தது, உள்ளே பழுப்புக் குழம்பு. ஒரு லிட்டர் ஜாடியில் ஊற்றி வைத்தேன். அரை மணி நேரம் ஆகியும் தெளியவில்லை. அடியில் இருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல். சரி, காய வைத்து 10 கிராம் எடுத்து 550 டிகிரி உலையில் வைத்தேன். உயிர்ப்பொருள் எரிந்துபோய் இரண்டரை கிராம் மிஞ்சியிருக்க வேண்டும். கிண்ணத்தைத் திறந்தால் செங்கல் நிறத்தில் 7 கிராம் தூள்!

கூப்பிட்டால், "பத்து நாள் ஊறட்டும்மா" என்றார். அப்புறம், "உங்க பெங்களூர் குளிருக்கு அப்படித்தான்." உலையில் வைத்த மணலுக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்? சந்தைக்காரர்களோ, "கெட்டுப்போகும் பொருள், 24 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும்" என்று கைகழுவிவிட்டார்கள். சோதனை முடியவே இரண்டு நாள் ஆகும் என்று சொன்னேன், சாட் விண்டோவையே மூடிவிட்டார்கள்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சாம்பிள் இல்லாமல் வாங்காதீர்கள். வீடியோவை நம்பாதீர்கள். முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கே போய், கண்ணெதிரே எடுத்து வாருங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.

18,500 ரூபாய். அந்த 7 கிராம் தூளைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது.